மிச்சக் குடலின் உழைப்பு



ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை என்று பெயர்ப்பலகை சொன்னாலும், நம்மவர்களுக்கு அது இன்றும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிதான். அங்கே வயிற்றில் அறுவை செய்துகொண்டு ஒருவர் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க வருகிறவர்கள் பழமும் மைலோ டின்னும் வாங்கி வருகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நலம் விசாரிக்கிறார்கள். பிறகு சமையற்கட்டுக்குப் போய் வீட்டுக்காரியிடம் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள்: "குடலை வெட்டி எடுத்துட்டாங்களாமே அண்ணி, இனிமே அண்ணன் சாப்பிடுறது எங்கே போய்ச் செமிக்கும்?"

நல்ல கேள்விதான். இதற்கு வீட்டுக்குள்ளேயே இரண்டு பதில்கள் கிடைக்கும். "வெட்டின குடல் ஆறணும். ஆறு மாசத்துக்குக் கஞ்சித் தண்ணியைத் தவிர வேற ஒண்ணும் குடுக்காதே" என்பார் பாட்டி. "தையல் பிரிச்சாச்சு, நடக்கிறாரு, இனி ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டாம்" என்பார் மாமா. இரண்டுமே அன்பினால் சொல்வது. ஆனால் இரண்டுமே ஆளைக் கெடுத்துவிடக்கூடியவை. ஏன் அப்படி என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

குடலை ஏன் வெட்டுகிறார்கள்? குடலிறக்கம் வந்து, வெளியே பிதுங்கிய குடல் திரும்ப முடியாமல் இறுகி, இரத்தம் ஓடாமல் கறுத்துப் போவது ஒரு காரணம். குடல் முறுக்கிக்கொள்வது, காசநோய் குடலைத் தாக்கிச் சுருக்கிவிடுவது, விபத்து, கட்டி, குழந்தைகளுக்குக் குடலுக்குள் குடல் செருகிக்கொள்வது என்று இன்னும் பல உண்டு. நீரிழிவும் புகைப்பழக்கமும் சேர்ந்தவர்களுக்குக் குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயே அடைத்துக்கொள்வதும் உண்டு. செத்த குடலை உள்ளே விட்டுவைத்தால் ஆளே பிழைக்கமாட்டார். ஆகவே மருத்துவர் அதை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல முனைகள் இரண்டையும் சேர்த்துத் தைக்கிறார். அது முடியாதபோது ஒரு முனையை வயிற்றின் மேல் திறந்து, பை கட்டி அனுப்புகிறார்.

ஒரு பெரியவரின் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கும். அதன் பிறகு ஒன்றரை மீட்டர் பெருங்குடல். சிறுகுடலில் பாதி போனாலும் பெரும்பாலோர் சமாளித்துவிடுகிறார்கள். மிச்சம் 2 மீட்டருக்குக் கீழே போனால்தான் மருத்துவர்கள் அதைக் குறுங்குடல் என்று தனிநோயாகக் கணக்கிடுகிறார்கள். பாதி குடல் போன ஒருவர் எப்படிப் பழையபடி சோறு சாப்பிட்டுச் செமிக்க முடிகிறது? குடல் நீளத்தில் வளர்ந்துவிடுகிறதா? இல்லை. பெரியவர்களுக்கு நீளம் அதிகம் கூடுவதில்லை. வளர்ச்சி உள்பக்கத்தில் நடக்கிறது.

சிறுகுடலின் உள்பக்கம் ரப்பர் குழாயைப் போல வழுவழுப்பாக இருப்பதில்லை. நல்ல துவாலைத் துண்டின் மேற்பரப்பைத் தடவிப் பாருங்கள். சிறு சிறு நூல் வளையங்கள் நெருக்கமாக எழும்பி நிற்கும். அதைப் போலவே குடலின் உள்சுவரில் குடலுறிஞ்சிகள் என்னும் மிக நுண்ணிய விரல்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான உயரம். உணவின் சத்து இந்த விரல்களின் தோல் வழியாகத்தான் இரத்தத்துக்குள் போகிறது. இவற்றையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பழைய புத்தகங்கள் எழுதின. 2014இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கவனமாக அளந்து பார்த்து, அது ஏறக்குறைய 30 சதுர மீட்டர், அதாவது அரைப் பூப்பந்து மைதானம் என்று திருத்தினார்கள். பூப்பந்து ஆடும் நாட்டுக்காரர்களான நமக்கு இந்தக் கணக்கே எளிது. அதுவும் குறைவில்லை, ஒருவர் வயிற்றுக்குள் அரை மைதானம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த விரல்களின் மேல்தோல் ஒற்றை அடுக்கு உயிரணுக்களால் ஆனது. அந்த உயிரணுக்களின் ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து நாள்தான். நம் உடம்பில் இவ்வளவு வேகமாகத் தேய்ந்து, இவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்கள் மிகச் சிலவே. விரல்களின் அடியில், இரண்டு விரல்களுக்கு நடுவே, சிறு குழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு குழியின் அடியிலும் குருத்தணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. தென்னைக்குக் குருத்து எப்படியோ அப்படி. குருத்தணு பிரிந்து புது உயிரணுவை உண்டாக்கும். அது மெதுவாக மேலே தள்ளப்பட்டு, விரலின் பக்கவாட்டில் ஏறி, போகிற வழியிலேயே சத்தை உறிஞ்சும் தொழிலைக் கற்றுக்கொண்டு, நுனிக்குப் போய் உதிர்ந்துவிடும். அந்தக் குருத்தணுக்கள் எவை என்று அடையாளம் காட்டியவர்கள் ஹாலந்து நாட்டு ஆய்வாளர் ஹான்ஸ் கிளெவர்சின் குழுவினர், ஆண்டு 2007.

இதைப் புரிந்துகொள்ள மரம் சீவிய நம் மக்களுக்கு வேறு எவரையும்விட வசதி அதிகம். பால்மரத்தின் பட்டையைச் சீவும்போது உளி எவ்வளவு ஆழம் போகலாம் என்பது நம் அம்மாக்களின் மணிக்கட்டுக்குத் தெரியும். மேல்பட்டை, அதற்கு உள்ளே பால் ஓடும் மெல்லிய பட்டை, அதற்கும் உள்ளே கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு வழுவழுப்பான படலம், பிறகு கட்டை. அந்த வழுவழுப்பான படலத்தில்தான் மரத்தின் குருத்தணுக்கள் இருக்கின்றன. அதைத் தொடாமல் சீவினால் சீவிய இடத்தில் புதுப்பட்டை மூடிக்கொண்டு வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மறுபடி சீவலாம். உளி ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால், அந்த இடம் கரடுமுரடாகக் கட்டி தட்டிப் போகும். அதற்காக வாங்கிய ஏச்சை மறக்காத பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நம் பேராக்கில் கோலகங்சாரில் ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறதே, 1877இல் நட்ட கன்றுகளில் மிஞ்சியது, அது வந்த காலத்தில் மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறை எவருக்கும் சரியாகத் தெரியாது. 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி துரை, உள்ளே இருக்கும் அந்தப் படலத்தைக் காயப்படுத்தாமல் நாள்தோறும் மெல்லியதாகச் சீவும் முறையை வகுத்தார். தோட்டத் தொழில் முழுவதும் அந்த ஒரு படலத்தின் மேல்தான் எழும்பியது என்று சொன்னால் மிகையாகாது.

குடலும் இப்படித்தான். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. மரத்தில் சீவிய இடத்திலேயே பட்டை திரும்பி வருகிறது. குடலில் வெட்டிப் போன துண்டு திரும்பி வருவதில்லை. அதற்குப் பதில், மீந்திருக்கும் துண்டில் உள்ள குழிகள் முன்னைவிட வேகமாக வேலை செய்யத் தொடங்குகின்றன.

இதை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜோசப் மார்ஷல் ஃபிளின்ட். 1912இல் அவர் வெளியிட்ட ஆய்வில், குடலின் பெரும்பகுதியை இழந்த நாய்களில், மீந்த குடலின் விரல்கள் பெரிதாகி இருந்ததைக் காட்டினார். புதிய விரல்கள் முளைக்கவில்லை. இருந்தவையே உயர்ந்தும் தடித்தும் விட்டன. விலங்குகளில் செய்த பிற்கால ஆய்வுகளில், அறுவை முடிந்து ஒன்றிரண்டு நாளிலேயே குழிகளில் உயிரணுக்கள் பிரியும் வேகம் கூடுவதைக் கண்டார்கள். குழிகள் ஆழமாகின்றன. விரல்கள் நீளுகின்றன. ஒவ்வொரு விரலின் மேலும் நிற்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை கூடுகிறது. குடலின் விட்டமும் சற்றே அகலமாகிறது. உணவு நகரும் வேகம் குறைகிறது. அதனால் உணவு உறிஞ்சும் தோலோடு அதிக நேரம் ஒட்டி நிற்கிறது.

மனிதர்களிலும் இப்படி நடக்கிறதா என்ற கேள்விக்கு 1966இல் லண்டனில் டவ்லிங், பூத் என்ற இரு மருத்துவர்கள் விடை சொன்னார்கள். குடல் வெட்டப்பட்டவர்களின் மீந்த குடலுக்குள் குழாயை இறக்கி, அது எவ்வளவு குளுக்கோஸ் உறிஞ்சுகிறது என்று நேராகவே அளந்தார்கள். மீந்த குடல், அதே நீளமுள்ள சாதாரணக் குடலைவிட அதிகமாக உறிஞ்சியது. வேலைக்கு ஆள் குறைந்த நிரையில் நிற்பவர்கள் தங்கள் பங்கையும் போனவர்களின் பங்கையும் சேர்த்துச் செய்வது போல.

இந்த வளர்ச்சி ஒரு வாரத்தில் முடிவதில்லை. முதல் சில மாதங்களில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும், ஓராண்டு முதல் இரண்டு ஆண்டு வரை நடக்கிறது. ஆகவே வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வெளியே போகிறதே, உடம்பு இளைக்கிறதே என்று மனம் ஒடிந்துவிட வேண்டாம். பலருக்கு மாதங்கள் போகப் போக அது குறைகிறது.

ஆனால் தாய்மார்களே, இங்கேதான் முக்கியமான செய்தி. குழிகளில் இருக்கும் குருத்தணுக்களுக்கு, வேகமாக வேலை செய் என்று கட்டளையிடுவது யார்? உணவுதான்.

இதை உலகம் கண்டுகொண்ட விதம் விசித்திரமானது. 1960களில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஸ்டான்லி டட்ரிக் என்ற மருத்துவர், வாய் வழியாக எதுவும் கொடுக்காமல், சத்து முழுவதையும் பெரிய இரத்த நாளத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட்டே ஓர் உயிரை வளர்க்க முடியும் என்று காட்டினார். சிறுகுடல் ஏறக்குறைய இல்லாத நிலையில் பிறந்த ஒரு பெண் குழந்தை அப்படி வளர்க்கப்பட்ட செய்தி 1968இல் வெளியானது. அதுவரை பிழைக்க வழியில்லாதிருந்த எத்தனையோ பேர் அந்த முறையால் பிழைத்தார்கள், இன்றும் பிழைக்கிறார்கள். ஆனால் அந்த வசதி வந்த பிறகுதான் ஒரு கேள்வியைச் சோதித்துப் பார்க்க முடிந்தது: உடம்புக்குச் சத்து முழுவதும் கிடைத்து, குடலுக்கு மட்டும் உணவு போகாவிட்டால் என்ன ஆகும்? 1976இல் வெளியான ஓர் ஆய்வில், குடல் வெட்டப்பட்ட நாய்களில் சிலவற்றுக்கு வாய் வழியாகவும், சிலவற்றுக்கு நாளம் வழியாக மட்டுமே உணவும் கொடுத்தார்கள். வாயால் உண்டவற்றின் குடல் தடித்து வளர்ந்தது. நாளத்தால் மட்டும் ஊட்டப்பட்டவற்றின் குடல்தோல் மெலிந்து போயிற்று. உடம்பு பட்டினி கிடக்கவில்லை; குடல் மட்டும் பட்டினி கிடந்தது. அதுவே போதுமானதாக இருந்தது, குடல் தேய்வதற்கு.

உணவு குடல்தோலைத் தொடும்போது பின்சிறுகுடலிலும் பெருங்குடலிலும் உள்ள சில உயிரணுக்கள் ஒரு சுரப்புநீரை இரத்தத்தில் விடுகின்றன. அது போய்க் குழிகளின் வளர்ச்சியைத் தூண்டுகிறது. கனடாவில் டொரான்டோ நகர ஆய்வாளர் டேனியல் டிரக்கர் குழுவினர் 1996இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அதைப் போலவே வேலை செய்யும் ஓர் ஊசிமருந்துக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மிக விலையுயர்ந்த மருந்து. மிகக் குறைந்த குடல் உள்ளவர்களுக்கானது. நம் வீட்டில் அதே சுரப்புநீரை வரவழைக்கும் வழி சோறும் மீனும் முட்டையும்தான்.

இப்போது பாட்டி சொன்ன பத்தியத்துக்கு வருவோம். காய்ச்சலுக்குப் பத்தியம், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று பழகிய மனம், குடல் அறுவைக்கும் அதையே விதிக்கிறது. முதல் சில நாள் மருத்துவர் வாய்க்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்பது உண்மைதான். தையல் பிடிக்க வேண்டும். அவர் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகும் வீட்டில் வெறும் கஞ்சித் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தால், குடல் வளரக்கூடிய அந்த அருமையான முதல் மாதங்கள் வீணாகின்றன. புதுப்பட்டை வளரும் காலத்தில் மரத்துக்கு உரம் போடாமல் இருப்பது போல.

எப்படிக் கொடுப்பது? மூன்று வேளைப் பெரிய சாப்பாட்டை ஆறேழு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் பசியாற இரண்டு இட்லி, ஒரு முட்டை; பத்து மணிக்குக் கொஞ்சம் சோறும் மீனும்; இப்படி. நன்றாக மென்று சாப்பிட வேண்டும். உறிஞ்சாமல் வீணாகும் பங்கும் இருப்பதால், முன்பு சாப்பிட்டதைவிட அதிகமாகவே சாப்பிட வேண்டியிருக்கும். சாப்பாட்டோடு நிறையத் தண்ணீர் குடித்து அதை அடித்துக்கொண்டு போகச் செய்யக்கூடாது. அரை மணி நேரம் விட்டுக் குடிக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டி ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகள் குறுகிய குடலில் கரைந்து முடிவதற்குள் வெளியே போய்விடலாம்.

குடிக்கும் நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் நாம் குடிக்கும் நீரும், உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர் எல்லாமும் சேர்ந்து எட்டு லிட்டர் அளவுக்குக் குடலுக்குள் வருகிறது. அதில் வெளியே போவது ஒரு சிறு குவளை. மற்றதையெல்லாம் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. குடல் குறைந்தவருக்கு, முக்கியமாக வயிற்றில் பை கட்டியவருக்கு, தாகம் மிகும். தாகம் எடுக்கிறதே என்று பச்சைத் தண்ணீரையும் தே-ஓவையும் லிட்டர் கணக்கில் குடித்தால், பையில் இன்னும் அதிகமாக வெளியேறும். கேட்க வியப்பாக இருக்கும். ஆனால் உப்பில்லாத நீர் குடல்தோலின் வழியே உடம்பின் உப்பை வெளியே இழுத்துக்கொண்டு போகிறது. பாட்டிலில் வரும் இனிப்புப் பானங்களும் அப்படித்தான் கெடுதல் செய்யும்.

குடலின் உயிரணுவில் ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவு உப்பும் குளுக்கோசும் கைகோத்து வந்தால்தான் திறக்கும். திறந்தால் அவற்றோடு நீரும் உள்ளே போகும். 1971இல் வங்காள தேசப் போரின்போது எல்லையோர அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த உப்புச் சர்க்கரை நீரைக் கொண்டு பெருந்தொகையானோரைக் காப்பாற்றினார். கிளினிக்கில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொடி இதுவே. வீட்டில் செய்வதானால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. பை கட்டியவர்களுக்கு இன்னும் கூடுதல் உப்பு தேவைப்படும். அளவை மருத்துவமனையில் சொல்வார்கள். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கேட்காமல் தொடங்க வேண்டாம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு குறைவு. பாட்டியின் கஞ்சிக்கும் இங்கே இடம் உண்டு: உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி இந்தக் கதவைத் திறக்க நல்ல சாவி. அது சாப்பாட்டுக்குப் பதில் அல்ல, தண்ணீருக்குப் பதில்.

குடல் தன்னைச் சூழ்ந்ததைப் பார்த்து உருவை மாற்றிக்கொள்வது அறுவைக்குப் பிறகு மட்டும் நடப்பதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகியோர் 1960களிலும் 70களிலும் தென்னிந்திய மக்களின் குடலை ஆராய்ந்தார்கள். நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்த வட ஆர்க்காட்டுச் சீமை அது. நோயில்லாத கிராமத்தாரிடத்தும் குடலுறிஞ்சிகள் மேல்நாட்டார் புத்தகத்தில் உள்ளபடி விரல் வடிவில் இல்லை. அகன்ற இலைபோலவும் வரப்புபோலவும் இருந்தன. அசுத்த நீரோடு ஓயாமல் உள்ளே வரும் கிருமிகளே காரணம் என்று கருதுகிறார்கள். அதே காலத்தில் பாகிஸ்தானில் தொண்டுக்கு வந்த அமெரிக்க இளைஞர்கள் சிலரின் குடலும் அவ்வாறு மாறியது. சொந்த ஊர் திரும்பிய பின் தேறியது. அப்படியென்றால் குழாய்நீரும் கழிப்பறையும் கூடக் குடல் விரல்களுக்கு உரம்தான். அறுவை முடிந்தவர் வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுப்பது இரட்டை நன்மை.

இனி மாமாவின் பதில்: இனி ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டாம். இதில் ஒளிந்திருக்கும் ஆபத்து பத்தியத்தைவிடப் பெரிது, ஏனென்றால் அது ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து வரும்.

சிறுகுடலின் எல்லாப் பகுதியும் ஒரே வேலை செய்வதில்லை. இடைச்சிறுகுடல் போனால், கீழே உள்ள பின்சிறுகுடல் அதன் வேலையைப் பெரும்பாலும் கற்றுக்கொள்கிறது. பின்சிறுகுடல் போனாலோ, இடைச்சிறுகுடல் எவ்வளவு வளர்ந்தாலும் இரண்டு வேலைகளைக் கற்றுக்கொள்வதே இல்லை. ஒன்று பித்த உப்பைத் திரும்ப எடுப்பது. மற்றொன்று வைட்டமின் பி-12ஐ உறிஞ்சுவது. அந்தச் சத்தைப் பிடிக்கும் உயிரணுக்கள் பின்சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டுமே உள்ளன. அந்தக் கடைசிப் பகுதியில் 60 சென்டிமீட்டருக்கு மேல் போனவர்களுக்கு வாயால் உண்ணும் பி-12 பெரும்பாலும் போதாது. மீனும் ஈரலும் தின்றாலும் அப்படித்தான்.

ஏமாற்றுவது என்னவென்றால், ஈரலில் இந்தச் சத்து மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அறுவைக்குப் பிறகு ஆள் தேறுகிறார், எடை கூடுகிறது, வேலைக்குப் போகிறார். எவருக்கும் சந்தேகம் வருவதில்லை. சேமிப்பு தீர்ந்த பிறகு நாக்கு சிவந்து எரிகிறது, மூச்சு வாங்குகிறது, பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது, இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறது, மறதி வருகிறது. வயதாகிவிட்டது என்கிறோம். இனிப்புநீர் இருந்தால், "சர்க்கரையினால் கால் மரத்துப் போச்சு" என்கிறோம். அதற்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும் பி-12ஐக் குறைக்கக்கூடியது. நரம்பு நீண்டநாள் கெட்ட பிறகு ஊசி போட்டால் இரத்தம் தேறும். நரம்பு முழுவதும் திரும்பாமலும் போகலாம். ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஒரு சிறு ஊசி இதைத் தடுத்துவிடும். அரசாங்கக் கிளினிக்கிலேயே போடுவார்கள். வாழ்நாள் முழுவதும் போட வேண்டும்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் டிரஸருக்கு ஒவ்வொரு வீட்டு வயிற்றின் கதையும் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறி, நம் மக்கள் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறிய பிறகு, அந்த நினைவு எவரிடமும் இல்லை. இருபது ஆண்டுக்கு முன் அப்பாவுக்கு எந்தக் குடல் வெட்டப்பட்டது என்று கேட்டால், பிள்ளைகள் வயிற்றுத் தழும்பைத்தான் காட்டுகிறார்கள். தழும்பு அதைச் சொல்லாது. மருத்துவமனைக் கடிதத்தில் எழுதியிருக்கும். வெட்டியது எவ்வளவு என்பதைவிட மீந்தது எத்தனை சென்டிமீட்டர், பின்சிறுகுடலின் கடைசிப் பகுதி இருக்கிறதா, பெருங்குடலோடு சேர்த்துத் தைத்திருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டு எழுதி, அடையாளக் கார்டின் நகலோடு சேர்த்து வையுங்கள். வீடு மாறும்போது முதலில் தொலைவது இத்தகைய காகிதங்கள்தாம்.

பெருங்குடல் இருக்கிறதா என்று ஏன் கேட்க வேண்டும்? அது மலம் தேங்கும் இடம் மட்டும் அல்ல. சிறுகுடலில் உறிஞ்சாமல் தப்பிய மாவுச்சத்தை அங்கே வாழும் நுண்கிருமிகள் புளிக்க வைத்துக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவை உடம்புக்குள் போய்ச் சக்தி தருகின்றன. ஆகவே பெருங்குடல் உள்ளவருக்குச் சோறு நல்ல உணவு; எண்ணெய்யைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் பின்சிறுகுடல் போய்ப் பெருங்குடல் மட்டும் இருப்பவருக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு அதிகம். பசலைக்கீரை, கடுந்தேநீர், கடலை ஆகியவற்றை அவர் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். புந்தோங் கச்சான் பூத்தே ஊருக்கே புகழ் தேடித் தந்ததுதான். இவருக்கு மட்டும் கைப்பிடியில் பாதி போதும்.

குழந்தைகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் சிறுகுடல் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். உடம்பு வளர வளரக் குடலும் நீளும். பெரியவருக்கு உயரத்தில் மட்டும் கிடைக்கும் வளர்ச்சி குழந்தைக்கு நீளத்திலும் கிடைக்கிறது. தாய்ப்பாலை நிறுத்தும்படி மருத்துவர் சொல்லாதவரை நிறுத்தாதீர்கள்.

எல்லோருக்கும் இந்த வளர்ச்சி போதுமானதாக இருக்கும் என்று சொல்லிவிட்டால் அது பொய். பெருங்குடல் இல்லாமல் ஒரு மீட்டருக்கும் குறைவான சிறுகுடல் மட்டும் மிஞ்சியவர்களுக்கு நாளம் வழியாக நீரோ சத்தோ நீண்டகாலம் தேவைப்படலாம். சிலருக்கு மாற்றுக் குடல் பொருத்தும் அறுவை உண்டு. சென்னையிலும் அது நடந்திருக்கிறது. அரிதானது, கடினமானது. அத்தகையவர்கள் பெரிய மருத்துவமனையோடு தொடர்பை விடவே கூடாது.

விரதத்தைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகனுக்குப் பால்குடமோ காவடியோ எடுப்பதாக, அறுவைக்கு முன்னாலேயே வீட்டார் நேர்ந்துகொண்டிருப்பார்கள். மரக்கறி உண்பதில் தடையில்லை. பருப்பும் தயிரும் பாலும் ஒத்துக்கொண்டால் நன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மரக்கறியில் பி-12 மிகக் குறைவு என்பதால் ஊசித் தேதி விரதத்துக்கு நடுவே வந்தால் தள்ளிப் போடக்கூடாது. ஒரு பொழுது மட்டும் உண்பது குறுங்குடல்காரருக்கு ஆகாது. குடலை நாள் முழுவதும் வெறுமையாக விடுவதாகும். அன்று வியர்வையில் உப்பு போகும். உப்புச் சர்க்கரை நீரை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு, வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே போகட்டும். வேண்டுதல் வைத்தவர் அம்மாவோ தங்கையோ ஆனால், அவர்களே பால்குடத்தைச் சுமந்து, அவர் கூட நடந்து வந்தாலும் போதும்.